தகடு உண்மை, எஞ்சின் வேறு: கொக்குவில் ஸ்பிரைற் காரின் நிகழ்வு ஆய்வு

கொக்குவிலில் ஒரு வீட்டுக் கொட்டிலில் நெடுங்காலம் நின்ற 1959ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் கார் சென்ற பங்குனியில் கைமாறியது. விற்றவர் இளைப்பாறிய ஆசிரியை. ஊரில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வாங்கியவர் கோண்டாவிலைச் சேர்ந்த இளம் பொறியியலாளர். இடையில் ஒரு தரகர் இருந்தார். "எஞ்சின் உட்பட எல்லாம் கப்பலில் வந்து இறங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது" என்று அவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். விலை கூடியதற்கும் அதுவே காரணம். வாகனப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் எஞ்சினில் பொருத்தியிருந்த தகட்டையும் பொறியியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார். பழைய கார்களைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை கொடுப்பது என் வேலை.

"ஐயா, மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் இந்தக் கார் மூச்சு வாங்குகிறது. எஞ்சின் சுற்றுமானியின் முள்ளும் அசையவில்லை. மீற்றரைக் கழற்றித் திருத்தக் கொடுக்கலாமா?"

மீற்றரைக் கழற்ற வேண்டாம், காரைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

இந்தக் காரின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. டொனால்ட் ஹீலி வடிவமைத்து, இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் கட்டப்பட்ட ஸ்பிரைற், 1958 மே மாதம் மொன்ரி கார்லோவில் அறிமுகமானது. முதல் மாதிரியில் 1961 வரை 48,987 கார்கள் வெளிவந்தன. பொனற்றின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகளால் அதற்குத் தவளைக்கண் என்று பெயர் வந்தது. வெளியே கதவுப்பிடி கிடையாது. பின்பெட்டிக்கு மூடி கிடையாது. ஆசனங்களுக்குப் பின்னால் கையை விட்டுத்தான் பொருட்களை எடுக்க வேண்டும். மலிவான விளையாட்டுக் கார் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே முன்பக்கத் தொங்கலமைப்பை ஒஸ்ரின் ஏ35 காரிலிருந்தும், ஸ்ரியரிங் பற்சட்டத்தை மொறிஸ் மைனரிலிருந்தும் எடுத்தார்கள். எஞ்சினும் அந்தக் குடும்பத்துடையதுதான். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 கன சென்ரிமீற்றர் அளவில் தொடங்கிய ஏ சீரிஸ் எஞ்சின், 1956இல் 948 கன சென்ரிமீற்றராக வளர்ந்து மைனரிலும் ஏ35இலும் ஏறியது. அதையே இரண்டு எஸ்.யூ. காபுரேற்றர், வலுவான வால்வு ஸ்பிரிங் ஆகியவற்றோடு ஸ்பிரைற்றில் வைத்தார்கள். மைனரில் 37 குதிரைவலு கொடுத்த எஞ்சின் ஸ்பிரைற்றில் 43 கொடுத்தது.

எனவே ஸ்பிரைற் எஞ்சினும் மைனர் எஞ்சினும் ஒரு தாய் பிள்ளைகள். வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். அடையாளம் தகட்டில்தான் இருக்கிறது. எஞ்சினின் வலப்பக்கத்தில், டைனமோவைத் தாங்கும் இடத்துக்கு மேலே, எஞ்சினின் இரும்பு உடலான புளொக்கில் அறைந்த சிறிய உலோகத் தகடு அது. 9சி என்று தொடங்கினால் ஸ்பிரைற்; 9எம் என்றால் மைனர். இந்தக் காரின் தகடு 9சி என்றே தொடங்கியது.

கார் வந்த அன்று காலை பொனற்றைத் தூக்கினோம். ஸ்பிரைற்றில் பொனற் என்பது காரின் முன்பாதி முழுவதும். மட்கார்ட், விளக்கு எல்லாம் சேர்ந்தே எழும்பும். இரண்டு பேர் பிடிப்பது நல்லது. உள்ளே இரண்டு காபுரேற்றர்களும் துடைத்த பித்தளைச் செம்பு போல இருந்தன. எஞ்சினின் பச்சை நிறம் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் தெரிந்தது. எல்லாம் சரி போலவே இருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன். ஸ்ராட்டரை இழுப்பதற்கு முன்னரே ஒரு சத்தம் கேட்டது: டிக், டிக், டிக், டிக். பிறகு நின்றது.

அந்தச் சத்தம் யாழ்ப்பாணத்தில் மைனர் வைத்திருந்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்ப், காபுரேற்றரை நிரப்பிவிட்டு ஓயும் சத்தம். மைனரில் அந்தப் பம்ப் பொனற்றுக்குள் பின்சுவரில் இருக்கும். தவளைக்கண் ஸ்பிரைற்றில் மின்சாரப் பம்ப் கிடையாது. எஞ்சினின் இடப்பக்கத்தில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ற் தள்ளித் தள்ளி இயக்கும் இயந்திரப் பம்ப்தான் உண்டு. குனிந்து அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே பம்ப் இல்லை. இரண்டு போல்ற்றால் இறுக்கிய வெற்றுத் தகடு இருந்தது.

பம்ப் பழுதானால் மின்சாரப் பம்ப் போடுவது வழக்கம். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றச் சொல்லி விரலை உள்ளே விட்டபோது, பம்பின் கையைத் தள்ள வேண்டிய மேடு கேம் ஷாஃப்ற்றில் இல்லவே இல்லை. தேய்ந்திருந்தால் தேய்மானம் விரலுக்குத் தெரியும். இது பிறவியிலேயே மேடு இல்லாத ஷாஃப்ற்.

சுற்றுமானியின் கதை இன்னும் எளிது. தவளைக்கண் ஸ்பிரைற்றில் சுற்றுமானி கேபிளால் இயங்குவது. அந்தக் கேபிள் டைனமோவின் பின்மூடியில் உள்ள சிறிய பற்சக்கரப் பெட்டியிலிருந்து புறப்படும். மைனருக்குச் சுற்றுமானியே இல்லாததால் அதன் டைனமோவுக்கு அந்தப் பெட்டியும் இல்லை. இந்தக் காரில் டைனமோவின் பின்மூடி மொட்டையாக இருந்தது. கேபிளின் முனையைச் சைக்கிள் ரியூப் துண்டில் சுற்றி, வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மீற்றரில் பழுதே இல்லை. அதை இயக்கும் பெட்டிதான் இல்லை.

பிறகு தகட்டுக்கு வந்தேன். இந்தப் பகுதியை நான் அவசரமாகக் கடந்துபோக விரும்பவில்லை, ஏனெனில் எல்லோரும் இலக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். இலக்கத்தைப் பிடித்திருக்கும் றிவெற் ஆணியைப் பார்ப்பதில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்துகள் தொழிற்சாலையில் அடித்தவைதான்; ஆழமும் இடைவெளியும் சரி. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரண்டு றிவெற்றும் அலுமினியம், நடுவில் துளை உள்ளவை, கைத்துவக்கால் இழுத்து அடிப்பவை. தொழிற்சாலை சுத்தியலால் அறைந்த ஆணி றிவெற்றின் தலை உருண்டு திரண்டிருக்கும்; நடுவில் துளை இருக்காது. தகட்டின் இடப்பக்கத் துளை சற்று நீண்டிருந்தது, யாரோ நெம்பிக் கழற்றியது போல. தகட்டுக்கு வெளியே, புளொக்கின் பழைய பச்சைப் பூச்சில் இன்னொரு தகட்டின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. இப்போதுள்ள தகடு அந்தக் கோட்டுக்குள் சரியாகப் படியவில்லை, ஒரு நூல் சரிந்து நின்றது.

தகடு இந்தக் காருடையதுதான். ஆனால் அது வேறொரு புளொக்கில் ஏறியிருக்கிறது என்று அப்போதே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் மனத்துக்குள் செய்யும் முடிவை அறிக்கையில் எழுத முடியாது.

இழுவை ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியே இருந்தது. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்தோம். சதுர அங்குலத்துக்கு 105 இறாத்தல் முதல் 110 வரை. நான்கும் ஏறக்குறைய ஒன்று. ஒவ்வொன்றிலும் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்தபோதும் பெரிதாக ஏறவில்லை. பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் விட்டவுடன் ஏறும். வால்வு கசிந்தால் நான்கும் ஒரே மாதிரிக் கசியாது. நான்கும் ஒன்றாகக் குறைந்திருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: எரியும் அறையையே யாரோ பெரிதாக்கியிருக்கிறார்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றலாமா என்று பொறியியலாளரிடம் கேட்டேன். தயங்கினார். பிறகு தலையை ஆட்டினார்.

ஹெட்டைத் தூக்கியபோது அடியில், ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடான கஸ்கெற் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு செப்பு கஸ்கெற்.

அதைக் கையில் எடுத்தபோது கொட்டிலில் நின்ற என் வயதுக்காரர்கள் எவரும் பேசவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். 1990இல் போர் மறுபடியும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டது. உதிரிப்பாகமும் பற்றறியும் தடைப்பட்டன. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோல் எஞ்சினின் அழுத்தத்தைத் தாங்காது. முன்கூட்டியே வெடித்து எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்க ஹெட்டைச் சற்று உயர்த்தி, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது கஸ்கெற். பின்சுவரில் நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒரு தகரத் தாங்கி அப்போதுதான் பொருள் பெற்றது. உள்ளங்கையளவு போத்தல் ஒன்றைக் கவிழ்த்து வைக்கும் வளையம், அதன் கீழே முன் காபுரேற்றரை நோக்கி வளைந்த மெல்லிய செப்புக் குழாய். காலையில் காரை எழுப்பும் அந்தச் சில துளிக்கான ஏற்பாடு. குழாயின் வாயைத் தீக்குச்சியால் அடைத்திருந்தார்கள். தீக்குச்சி இன்னும் அதில் இருந்தது.

பிஸ்ரன் தலைகளைத் துடைத்தேன். கரிக்கு அடியில் 040 என்ற எண். சிலிண்டர் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிதாகக் கடையப்பட்டது என்று பொருள். துளையை அளந்தால் 63.96 மில்லிமீற்றர், தொழிற்சாலை அளவு 62.94. பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 76.2. ஆகவே இது 1962இல் மைனருக்கு வந்த 1098 எஞ்சின் அல்ல. அதில் அந்தத் தூரம் 83.72. இது பழைய 948தான், கடைசலுக்குப் பின் 979 ஆகிவிட்டது. தொழிற்சாலையே புதுப்பித்து விற்ற மாற்று எஞ்சின்களும் அக்காலத்தில் உண்டு. அவற்றுக்குத் தங்க நிறம் பூசி, வேறு வகை இலக்கம் கொடுப்பார்கள். அந்த நிறத்தின் தடம் எங்கும் இல்லை.

"இந்த எஞ்சினை ஒருநாளும் திறந்ததில்லை" என்று தரகர் சொன்னாராம். நாற்பது கடைந்த எஞ்சினைத் திறக்காமல் எப்படிக் கடைவது? இந்த ஒரு சொல்லுக்காக எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் இருக்கிறது. தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும்.

இங்கிலாந்தின் கேய்டனில் பழைய தொழிற்சாலைப் பேரேடுகளைப் பாதுகாத்து, காருக்குப் பிறப்புச் சான்றிதழ் போல ஒன்றை வழங்குகிறார்கள். அடிச்சட்டக இலக்கத்தைக் கொடுத்து விண்ணப்பித்தோம். சில வாரங்களில் வந்தது. இலங்கைக்கு அனுப்பிய கார், நீல நிறம், எஞ்சின் இலக்கம் தகட்டில் உள்ளதேதான். பேரேடு, புத்தகம், தகடு மூன்றும் ஒன்று. எஞ்சின் மட்டும் வேறு. காகிதத்தை மட்டும் நம்பி அறிக்கை எழுதுகிறவர் இந்தக் காருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.

ரீச்சரைப் பார்க்கப் போனபோது அவர் முகம் வாடிவிட்டது. "நான் பொய் சொல்லி விற்றேன் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன், உண்மையிலேயே நான் அப்படி நினைக்கவில்லை. பனங்கட்டியும் தேநீரும் வைத்துவிட்டு உள்ளே போய், கணவரின் கணக்குக் கொப்பிகளைக் கொண்டுவந்தார். நில அளவையாளராக இருந்து மறைந்தவர். ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெய் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதும் பழக்கம். 1991 முதல் பெற்றோல் நிரல் வெறுமையாகிப் பக்கத்தில் ம.எ. என்ற எழுத்துகள் தொடங்குகின்றன. "எண்ணெய் மட்டம் கூடுகிறது" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக வழிந்து, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பில் இறங்கினால், குச்சியில் எண்ணெய் மட்டம் குறையாமல் கூடும். அது எண்ணெய் அல்ல, எண்ணெயைக் கொல்லும் தண்ணீர்த்தன்மை. பேரிங் உணவின்றிச் சாகும். 1993 ஆடி மாதத்துப் பக்கத்தில் மூன்று வரிகள்: "கொனெக்ரிங் றொட் முறிந்தது. புளொக் உடைவு. மைனர் எஞ்சின் பேசியாயிற்று."

ரீச்சர் அந்த வரிகளைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "எஞ்சின் செய்தது என்றுதான் எனக்குச் சொன்னார். மாற்றியது என்று சொல்லவில்லை."

கொப்பியில் கூலி வாங்கியவரின் பெயர் இருந்தது. இணுவிலில் மகளோடு இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். கராஜை எப்போதோ மூடிவிட்டார். காரைச் சொன்னவுடனேயே அவருக்கு நினைவு வந்தது.

"தம்பி, அது களவு எஞ்சின் இல்லை. கூரை விழுந்து நசிந்த மைனர் ஒன்று. உடம்பு போய்விட்டது, எஞ்சின் நல்லது. அந்த வீட்டுக்காரரே கொடுத்தார். டொக்குத்தரிடம் பிள்ளைகளைக் கொண்டு போவதற்குக்கூட ஒழுங்கையில் வேறு கார் இல்லை, இதைத்தான் எடுப்பார்கள்."

"தகட்டை ஏன் மாற்றினீர்கள், அண்ணை?"

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "போடும்போது மாற்றவில்லை. 95இல் எல்லோரும் ஓடினோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால், முகப்பும் கதவும் கழன்று கார் கிடந்தது, ஆனால் கிடந்தது. உடைந்த பழைய புளொக் காணாமல் போய்விட்டது. தகட்டை மட்டும் ஐயா முன்னமே கழற்றிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். பிறகு வீதியில் மறித்துப் புத்தகத்தையும் எஞ்சினையும் ஒப்பிட்டுப் பார்த்த காலம். இலக்கம் பிழைத்தால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஐயா பயந்தார். நான்தான் அடித்துக் கொடுத்தேன்."

அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். தகடு மாற்றுவது சட்டப்படி குற்றம். பழைய கார்ச் சந்தையில் ஏமாற்றுக்காரர்கள் செய்யும் அதே வேலை. ஆனால் இங்கே விலையைக் கூட்ட யாரும் அதைச் செய்யவில்லை. உயிருக்குப் பயந்த ஒரு மனிதர், காரை வீட்டில் வைத்திருப்பதற்காகச் செய்தார். அந்தப் பயத்தை எழுதாமல் விட்டால் அறிக்கை பொய். எழுதிவிட்டு எஞ்சின் சரியென்று விட்டாலும் பொய். இரண்டையும் எழுதினேன்.

பொறியியலாளரின் நண்பர்கள் சிலர், தகட்டை அப்படியே விட்டுவிடுங்கள், மூன்று காகிதமும் ஒத்திருக்கின்றன, யாருக்கும் தெரியாது என்றார்கள். இன்னும் சிலர் இங்கிலாந்திலிருந்து 9சி எஞ்சின் ஒன்றை வாங்கி, பழையதை இரும்புக்குப் போடச் சொன்னார்கள். முதல் யோசனையை நான் கடுமையாகவே மறுத்தேன். 1996இல் அந்தத் தகடு ஒரு பாதுகாப்பு; இன்று தெரிந்தபின் விட்டு வைத்தால் அது மோசடி. இரண்டாவது அவரவர் விருப்பம். என் கருத்தை மட்டும் சொன்னேன்: வேறொரு 9சி எஞ்சினும் இந்தக் காரின் எஞ்சின் ஆகாது. அதுவும் மாற்று எஞ்சின்தான், வெறும் முன்னெழுத்து ஒத்துப்போகும். இந்த மைனர் எஞ்சின் இந்தக் காரை அதன் முதல் எஞ்சினைவிடக் குறைந்த காலமே சுமக்கிறது என்றாலும், மிகக் கடினமான காலத்தைச் சுமந்தது அதுதான்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் நின்றது. 9சி தகட்டைக் கழற்றினால் இந்தப் புளொக்குக்கு இலக்கமே இல்லை. இலக்கம் இல்லாத எஞ்சினைப் புத்தகத்தில் எப்படி ஏற்றுவது? இணுவிலுக்கு மறுபடியும் போனேன். பெரியவர் கட்டிலிலிருந்து எழும்பாமலேயே மகளிடம் பிஸ்கற் தகரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். புளக்கு, வால்வுச் சாவி, காபுரேற்றர் ஊசி, தேய்ந்த பிளற்றினம் எல்லாவற்றையும் படுக்கை விரிப்பில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில், பழைய பத்திரிகைத் துண்டில் சுற்றியபடி, 9எம் என்று தொடங்கும் தகடு இருந்தது. ஒரு மூலை மடிந்திருந்தது. "கழற்றிய எதையும் நான் எறிந்ததில்லை" என்றார். புளொக்கில் இருந்த பழைய பூச்சுக் கோட்டுக்குள் அது பிசகாமல் படிந்தது.

ரீச்சர் கேட்காமலேயே விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார். பொறியியலாளர் வாங்க மறுத்தார். கடைசியில் பாதியை வாங்கினார். தரகர் தன் பங்கிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை.

ஒரே கஸ்கெற்றோடு ஹெட்டைப் பூட்டியபின் நான்கு சிலிண்டரும் 140 இறாத்தலைத் தாண்டின. இழுவை வந்துவிட்டது. மின்சாரப் பம்பை அப்படியே விட்டோம். போத்தல் வளையத்தையும் தீக்குச்சி அடைத்த குழாயையும் கழற்ற வேண்டாம் என்று பொறியியலாளரே சொன்னார். மைனரின் தகட்டைச் சுத்தியல் றிவெற்றால் அதன் பழைய இடத்தில் அறைந்தோம். ஸ்பிரைற்றின் தகடு, கேய்டன் சான்றிதழோடும் கொப்பியின் 1993 ஆடிப் பக்கத்தின் பிரதியோடும் ஓர் உறையில், என் அறிக்கையின் பின்னால் இருக்கிறது. திணைக்களத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. சுற்றுமானி இன்னும் அசையவில்லை. பின்மூடியில் பற்சக்கரப் பெட்டியுள்ள டைனமோ ஒன்று கிடைக்கும்வரை, கேபிள் முனை அதே சைக்கிள் ரியூப் துண்டில்தான் சுற்றியிருக்கும்.